வீட்டுக் கடனை அஞ்சே வருடத்தில் முடிக்கணும் என்கிறார் கணவர். வீட்டில் மூச்சு முட்டுகிறது

மாடிவீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல நாளாகப் படித்துக்கொண்டிருந்தாலும் எழுதுவது இதுதான் முதல்.

பூவிருந்தவல்லி பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட். 2021 ஜூனில் 38 லட்சம் கடன், 20 வருடம், ரெப்போவோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் கடனின் வட்டி) இணைந்து ஏறி இறங்கும் ஃப்ளோட்டிங் வட்டி. அப்போது 6.9 சதவீதம், தவணை 29,234. வாங்கி ஒரு வருடத்திலேயே வட்டி ஏற ஆரம்பித்து 9.4 வரை போனது. 2023 ஏப்ரலில் வந்த ஸ்டேட்மெண்டை அவர் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த மாதத் தவணையில் அசலுக்குப் போனது நானூறு ரூபாய்கூட இல்லை. மிச்சம் எல்லாம் வட்டி. அப்புறம் வங்கியே தவணையை 33,500 ஆக்கி, கூடவே காலத்தையும் கொஞ்சம் நீட்டியது.

அன்றிலிருந்து அவருக்கு இது ஒரு வெறி ஆகிவிட்டது. போனஸ், ஊர் நிலத்தில் வந்த பங்கு, போன ஒரு வருடமாக மாதம் கூடுதலாக 20,000 என்று ஆறு லட்சத்துக்கு மேல் கட்டியாகிவிட்டது. இப்போது பாக்கி 28 லட்சம், வட்டி 8.15.

அவர் சம்பளம் கைக்கு 72,000 (ஸ்ரீபெரும்புதூரில் உதிரிபாகத் தொழிற்சாலை, ஷிஃப்ட் வேலை). நான் தனியார் பள்ளி ஆசிரியை, 24,000. தவணையும் கூடுதலும் சேர்த்து 53,500 போனால் மிச்சம் 42,500. அதில் இரண்டு பிள்ளைகளின் ஃபீஸ், மாமியாரின் மருந்து, மளிகை, பெட்ரோல், அபார்ட்மெண்ட் மெயின்டனன்ஸ் எல்லாம். சேமிப்புக் கணக்கில் நாற்பதாயிரம் இருக்கிறது. எஃப்.டி. எதுவும் இல்லை. டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இல்லை. மருத்துவக் காப்பீடு கம்பெனி கொடுப்பது மட்டும், மூன்று லட்சம்.

குறை சொல்ல வரவில்லை. குடி கிடையாது, வெட்டிச் செலவு கிடையாது. ஆனால் மகளின் பரதநாட்டிய வகுப்பை நிறுத்தியாயிற்று. இரண்டு வருடமாகக் கோயில் கொடைக்கு ஊருக்குப் போகவில்லை. எனக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்யச் சொன்னார்கள், கிராம்பை அடக்கிக்கொண்டு தள்ளிப்போட்டு வருகிறேன். அவருடைய பைக்கின் பின் டயர் வழுவழு என்று இருக்கிறது, அதிலேதான் ராத்திரி ஷிஃப்டுக்கு ஹைவேயில் போகிறார். கேட்டால் "இன்னும் அஞ்சு வருஷம்தான், அப்புறம் ராஜா மாதிரி இருக்கலாம்" என்கிறார்.

அவர் சொல்வது சரியா? நான்தான் பொறுமை இல்லாமல் இருக்கிறேனா?

---

ஈரோடு மஞ்சள் எழுதியது:

சகோதரி, உங்கள் கணவருக்கு முதலில் ஒரு சல்யூட். நான் 14 லட்சம் கடனை ஆறு வருடத்தில் முடித்தவன். கடன் முடிந்த அன்று ராத்திரி தூங்கிய தூக்கம் அதற்கு முன் தூங்கியதில்லை. இன்று வேலை போனாலும் வீட்டை யாரும் வந்து தொட முடியாது. பிள்ளைகளுக்கு நாட்டியம் பத்து வயதில் ஆரம்பித்தாலும் வரும், பன்னிரண்டில் ஆரம்பித்தாலும் வரும். வட்டி அப்படிக் காத்திருக்காது.

பல்லுக்கு மட்டும் உடனே போங்கள். அது தள்ளத் தள்ளச் செலவு கூடும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு எண்களைப் பார்ப்போம். அசல் 28 லட்சம், வட்டி 8.15 என்று எக்செல்லில் போட்டேன்.

வெறும் 33,500 மட்டும் கட்டினால்: சுமார் 10 வருடம் 4 மாதம். இனி கட்டப்போகும் மொத்த வட்டி 13.5 லட்சம்.

கூடுதலாக 10,000 கட்டினால்: 7 வருடம் 1 மாதம். வட்டி 8.9 லட்சம்.

கூடுதலாக 20,000 கட்டினால்: 5 வருடம் 5 மாதம். வட்டி 6.7 லட்சம்.

இப்போது கவனியுங்கள். முதல் பத்தாயிரம் உங்களுக்கு நாலரை லட்சத்துக்கு மேல் மிச்சம் பிடிக்கிறது. இரண்டாவது பத்தாயிரம் மிச்சம் பிடிப்பது இரண்டேகால் லட்சம்தான். அதாவது வீட்டை இறுக்கிப் பிடித்துக் கட்டுகிற அந்தப் பத்தாயிரத்துக்கு, வலிக்காமல் கட்டுகிற பத்தாயிரத்தின் பாதிப் பலன்தான். அந்த இரண்டேகால் லட்சமும் இப்போதே கைக்கு வருவதில்லை, வருடக்கணக்கில் பரவி வருவது.

ஏப்ரல் 2023 கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அன்றைய 9.4 சதவீதத்தில் பழைய தவணையான 29,234 மட்டும் கட்டியிருந்தால், கடன் முடிய இன்னும் 46 வருடம் ஆகியிருக்கும். உங்கள் கணவர் பயந்தது சும்மா இல்லை. அன்று அவர் கூடுதலாகக் கட்டியது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இன்றைக்கு நிலைமை வேறு. ரெப்போ 2025 பிப்ரவரியில் 6.5-இலிருந்து இறங்க ஆரம்பித்து டிசம்பரில் 5.25-க்கு வந்துவிட்டது, உங்கள் அசலும் நன்றாகக் கரைந்திருக்கிறது. தீ அணைந்த பிறகும் அதே வேகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

---

பங்குச்சந்தைப் பாண்டி எழுதியது:

நான் வேறு மாதிரி சொல்வேன். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்டாதீர்கள். வீட்டுக் கடன்தான் நடுத்தரக் குடும்பத்துக்குக் கிடைக்கிற மலிவான கடன். அந்த 20,000-ஐப் பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி.யாக, அதாவது மாதாமாதம் போடுங்கள். நீண்ட காலத்தில் 12 சதவீதம் கிடைக்கும். 8.15-க்குக் கடனை அடைப்பவர் வருடம் நாலு சதவீதம் இழக்கிறார். மேலே வட்டிக்கு வரிச் சலுகை வேறு. நிஜ வட்டி ஆறரைதான் வரும்.

---

ஈரோடு மஞ்சள் எழுதியது:

பாண்டி சார், "கிடைக்கும்" என்று எழுதிக் கொடுப்பீர்களா? 2020 மார்ச் 23-ஆம் தேதி சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. சந்தை விழுகிற காலமும் வேலை போகிற காலமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் வரும். அன்று ஃபண்டை நட்டத்தில் விற்றுத்தான் தவணை கட்ட வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வரி விஷயத்தில் பாண்டி பழைய கணக்கில் இருக்கிறார். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வட்டியில் 2 லட்சம் வரை கழிப்பது, கட்டிய அசலை 80சி பிரிவில் வரிக் கழிவாகக் காட்டுவது, இரண்டுமே பழைய வரி முறையில்தான். புதிய முறையில் கிடையாது. அதோடு 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. மாடிவீடு அவர்களின் கணவர் சம்பளத்துக்கு அநேகமாக வரி பூஜ்யம்தான் வரும். கட்டாத வரியில் சலுகை எங்கிருந்து வரும்? அவர்களைப் பொறுத்தவரை 8.15 என்றால் முழு 8.15.

அதனால் கடனை அடைப்பது, உறுதியாக 8.15 சதவீதம் தருகிற, வரி இல்லாத முதலீட்டுக்குச் சமம். இந்த உத்தரவாதத்தோடு வேறு எங்கே கிடைக்கும்? அந்த வகையில் நான் மஞ்சள் அண்ணன் பக்கம்தான். என் கேள்வி கட்டலாமா என்பது இல்லை. எதை எடுத்துக் கட்டுகிறோம் என்பதுதான்.

---

நிலா அம்மா எழுதியது:

எனக்கு எக்செல் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கும் வீட்டுக் கடன் இருந்தது. என் வீட்டுக்காரர் எல்.டி.ஏ. (விடுப்புப் பயணப் படி), கிராஜுட்டி எதையும் வைத்துக்கொள்ள மாட்டார், வந்ததும் வங்கியில் கட்டிவிடுவார். ஒரு தீபாவளி போனஸ், சீட்டு எடுத்த பணம் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் கட்டினார். அடுத்த மாதமே வண்டியில் போகும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் சேர்க்கும்போதே இரண்டு லட்சம் முன்பணம் கேட்டார்கள். காப்பீட்டு அனுமதி வர நேரமாகும், அதுவரை கட்டுங்கள், பிறகு திரும்பத் தருவோம் என்றார்கள்.

மூன்று லட்சம் கட்டின வங்கிக்கே போனேன். "டாப் அப் லோன், அதாவது இதே வீட்டின் மேல் கூடுதல் கடன் போடலாம்மா, சம்பளச் சீட்டு, ஐ.டி. ரிட்டர்ன், அவர் கையெழுத்து எல்லாம் வேண்டும், ஓரிரு வாரம் ஆகும்" என்றார்கள். அவர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருக்கிறார், கையெழுத்து வாங்கிக்கொண்டு வா என்கிறார்கள். கடைசியில் என் தாலிச் சங்கிலியைத் தவிர மற்றதெல்லாம் நகைக்கடனுக்குப் போனது. மூன்று மாதம் அவருக்குச் சம்பளம் இல்லை. ஆனால் தவணை அதே தேதியில் எடுக்கப்பட்டது. முன்னாடியே மூன்று லட்சம் கட்டியிருக்கிறோமே, அதில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், அது அசலில் போய்விட்டது, மாதத் தவணை தனி என்றார்கள்.

வங்கியில் போட்ட காசு போட்டதுதான். உங்கள் கணவரிடம் இதை மட்டும் கேளுங்கள்: ஒரு லட்சம் நாளைக்குக் காலையில் வேண்டும் என்றால் எங்கிருந்து எடுப்பீர்கள்?

---

கிளை மேலாளர் (ஓய்வு) எழுதியது:

பொதுத்துறை வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். நிலா அம்மா சொன்னது போன்ற முகங்களைக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் கிளையில் இருப்பவரால் செய்யக்கூடியதும் குறைவுதான்.

மாடிவீடு, உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். இரண்டையும் யாரும் கேட்பதில்லை.

ஒன்று, உங்கள் வட்டி. 2021-இல் ரெப்போ 4 சதவீதம், உங்களுக்கு 6.9. ஆக ஸ்ப்ரெட், அதாவது ரெப்போவுக்கு மேல் வங்கி சேர்க்கும் விகிதம், 2.9. ரெப்போ ஏறும்போதும் இறங்கும்போதும் வட்டி தானாக மாறும். ஆனால் ஸ்ப்ரெட் நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்று எவ்வளவோ அதுதான். இப்போது நல்ல சிபில் மதிப்பெண்ணோடு (கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண்) புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு ஏழரைக்குள்ளேயே தருகிறார்கள். பழைய வாடிக்கையாளர் வாயைத் திறக்காதவரை பழைய ஸ்ப்ரெட்டிலேயே கிடப்பார். கிளைக்குப் போய் "ஸ்ப்ரெட்டைக் குறைத்துத் தாருங்கள், இல்லையென்றால் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு பெரும்பாலும் குறைப்பார்கள். வேறு வங்கிக்கு மாற்றுவது கடைசி வழி. அங்கே மறுபடி எம்.ஓ.டி. (பத்திரத்தை அடமானமாக ஒப்படைக்கும் ஆவணம்) பதிவு, லீகல் ஒப்பீனியன், மதிப்பீடு என்று செலவு இருக்கிறது.

இரண்டு, தவணை. அசலில் ஒரு தொகையைக் கட்டினால் வங்கி என்ன செய்யும்? தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைக்கும். வாடிக்கையாளருக்கும் அது பிடிக்கும். ஆனால் தவணையைக் குறைக்கும்படியும் கேட்கலாம். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைக்குப் பிறகு, வட்டி மாறும்போது தவணையை மாற்றுவதா காலத்தை மாற்றுவதா என்று கடன்காரரைக் கேட்டாக வேண்டும். உங்கள் 28 லட்சத்தை முதலில் பேசிய 2041 ஜூன் வரைக்கே வைத்தாலும் தவணை சுமார் 26,700 தான் வரும்.

அதைச் செய்துவிட்டு, நீங்கள் பழையபடி 33,500 கட்டுங்கள், 43,500 கூடக் கட்டுங்கள். கடன் அதே வேகத்தில்தான் கரையும், வட்டியில் ஒரு ரூபாய் வித்தியாசம் வராது. ஆனால் கட்டாயம் என்பது 26,700 மட்டும். ஒரு மாதம் உடம்பு சரியில்லை, ஃபேக்டரியில் லே-ஆஃப் என்றால், கூடுதலை நிறுத்திக்கொள்ளலாம். சிபிலில் கறை விழாது, யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஐயா, அருமை. நீங்கள் சொன்னதை உடனே போட்டுப் பார்த்தேன். வட்டி 8.15-இலிருந்து 7.5 ஆனால், அதே 33,500 தவணையில் மொத்த வட்டி 13.5 லட்சத்திலிருந்து 11.7 லட்சத்துக்கு இறங்குகிறது. ஒரு பைசா கூடுதலாகக் கட்டாமல் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேல் மிச்சம். அந்த இரண்டாவது பத்தாயிரத்தை ஐந்து வருடம் வயிற்றைக் கட்டிக் கட்டிச் சேர்க்கிற தொகைக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வருகிறது, ஒரு விண்ணப்பத்தில்.

---

பிராம்ப்டன் பேரன் எழுதியது:

நான் கனடாவில் இருக்கிறன். இங்கத்தைய மோட்கேஜ் வேறை மாதிரி. அநேகமாக அஞ்சு வருசத்துக்கு வட்டியைப் பூட்டி எடுப்பம். அந்த அஞ்சு வருசத்துக்குள்ள கூடுதலாகக் கட்ட வெளிக்கிட்டால் வருசத்துக்கு இவ்வளவு வீதம் எண்டு ஒரு வரம்பு இருக்கு. வங்கியைப் பொறுத்துப் பத்துக்கும் இருபதுக்கும் இடையில. அதைத் தாண்டினால் தண்டம். மூன்று மாத வட்டி, அல்லது அதைவிடக் கூட. அதாலை இங்கை சனம் அந்த வருச வரம்பு போய்விடப்போகுது எண்டு அவசரப்பட்டுக் கட்டுவினம்.

உங்கடை நாட்டிலை எப்ப வேணுமெண்டாலும் தண்டமில்லாமல் கட்டலாம் எண்டு கேள்விப்பட்டன். உண்மையா? அப்பிடியெண்டால் ஏன் இந்த அவசரம்?

---

கிளை மேலாளர் (ஓய்வு) எழுதியது:

உண்மைதான் தம்பி. தனிநபர் பெயரில் உள்ள ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டியே கட்டுவதற்கு வங்கி கட்டணம் வாங்கக் கூடாது. 2012-இலிருந்தே இருக்கிற விதி.

உங்கள் கேள்வி நல்ல கேள்வி. மாதம் 20,000-ஐ எஃப்.டி.யாகவோ ஆர்.டி.யாகவோ (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) தனியே வைத்திருந்து, ஒரு வருடம் கழித்து நிலைமை நன்றாக இருந்தால் மொத்தமாகக் கட்டலாம். அன்றும் கட்டணம் இல்லை. பணம் வங்கிக்குப் போகும் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. திரும்பி வரும் கதவுதான் இல்லை.

ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் சில வங்கிகளில் உண்டு. ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் அந்த மாதிரி. உபரிப் பணத்தை அதில் போட்டு வைத்தால் அந்த அளவுக்கு வட்டி குறையும், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வட்டி கொஞ்சம் கூட இருக்கும். கையில் எப்போதும் நாலைந்து லட்சம் நிற்பவர்களுக்குத்தான் அது லாபம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படித் தனியே வைத்திருப்பதால் ஆகும் செலவையும் சொல்லிவிடுகிறேன், கணவர் கேட்பார். ஒரு வருடத்துக் கூடுதல் தொகை 2.4 லட்சத்தை எஃப்.டி.யில் வைத்தால் ஆறு, ஆறரை வட்டி வரும். கடனுக்கு 8.15. வித்தியாசத்தைப் பெருக்கினால் மாதம் நானூறு ரூபாயை ஒட்டித்தான் வரும். நடு ராத்திரியில் யாரிடமும் கை நீட்டாமல் இருப்பதற்குக் கொடுக்கிற விலை அது.

---

மாடிவீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவருக்குப் பதினாலு வயது இருக்கும்போது ஊரில் அவர்கள் வீடு கடனில் போனது. மாமனார் மீட்டர் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். பாத்திரம் பண்டம் எல்லாம் தெருவில் கிடந்ததை ஊரே பார்த்தது என்று மாமியார் சொல்வார். இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அதனால் "கடன் இருந்தால் என்ன, மெதுவாகக் கட்டலாம்" என்று நான் சொன்னால் அவர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது என்று நினைக்கிறேன்.

---

ஈரோடு மஞ்சள் எழுதியது:

அப்படியா சகோதரி. அப்படியானால் நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன்.

அவரிடம் "மெதுவாகக் கட்டலாம்" என்று பேசாதீர்கள். அந்தப் பேச்சே எடுபடாது. "வீடு போகாமல் இருக்க என்ன செய்யலாம்" என்று பேசுங்கள். இன்றைக்கு அந்த வீட்டைக் கொண்டுபோகக்கூடியது 8.15 சதவீத வட்டி இல்லை. அவர் தலையில் ஏதாவது ஆகி, நீங்கள் 24,000 சம்பளத்தில் 33,500 தவணை கட்ட வேண்டிய நிலை வருவதுதான். டேர்ம் பாலிசி இல்லாமல் கடனை வேகமாக அடைப்பது பூட்டை வாங்கிவிட்டுக் கதவு வைக்காத கதை. நான் கடன் கட்டிய ஆறு வருடமும் ஐம்பது லட்சத்துக்கு டேர்ம் இருந்தது. அதை முதல் பதிலில் சொல்லியிருக்கலாம், வீரத்தில் விட்டுப்போயிற்று.

நாற்பது வயது, புகைப் பழக்கம் இல்லை என்றால் ஒரு கோடிக்கு மாதம் இரண்டாயிரத்தை ஒட்டி வரும், கேட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-இலிருந்து தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

அப்புறம், அந்த டயர். நாளைக்கே.

---

நிலா அம்மா எழுதியது:

மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுப்பது வேலை இருக்கும்வரைதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, உங்களுக்கு வராது. மாமியாரை உங்கள் பாலிசியிலேயே சேர்த்தால் பிரீமியம் அவர் வயதை வைத்துத்தான் போடுவார்கள். அவருக்குத் தனியாக எடுங்கள்.

---

பங்குச்சந்தைப் பாண்டி எழுதியது:

டேர்ம், ஹெல்த் இரண்டுக்கும் நான் எதிர்ப்பு இல்லை. மற்றபடி என் கருத்து அப்படியே.

---

நீதிமன்ற வளாகம் எழுதியது:

குறுக்கே வருகிறேன். வீடு யார் பெயரில்?

---

மாடிவீடு எழுதியது:

பத்திரம் அவர் பெயரில் மட்டும். கடனில் நானும் கோ-அப்ளிகண்ட் (கூட்டு விண்ணப்பதாரர்). என் சம்பளத்தையும் சேர்த்தால்தான் அந்தத் தொகை கிடைக்கும் என்றார்கள்.

---

நீதிமன்ற வளாகம் எழுதியது:

அதாவது கடனில் பங்கு, வீட்டில் இல்லை. பலர் வீட்டில் இதுதான் நிலைமை.

அவருக்கு ஏதாவது ஆகி, உயிலும் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு. உங்கள் வீட்டில் நான்கு பேர், கால் பங்கு உங்களுக்கு. உங்கள் மாமியார் நல்லவராகவே இருக்கட்டும். பிறகு அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும், அதில் உங்கள் நாத்தனார், கொழுந்தன் எல்லோரும் வருவார்கள். வங்கிக்கு மட்டும் நீங்கள் முழுக் கடனுக்கும் பொறுப்பு.

வழி எளிது. ஒரு உயில் எழுதச் சொல்லுங்கள், பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. கடன் முடிந்த பிறகு செட்டில்மெண்ட் மூலம் பாதியை உங்கள் பெயருக்கு மாற்றலாம், குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணத்தில் சலுகை இருக்கிறது. அடமானம் இருக்கும்போதே மாற்ற வேண்டுமென்றால் வங்கியின் தடையில்லாச் சான்று வேண்டும்.

---

மாடிவீடு எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை பேசினோம். இந்த இழையை அப்படியே அவரிடம் காட்டவில்லை. கணக்குப்பிள்ளை போட்ட மூன்று வரிகளை மட்டும் நோட்டில் எழுதிக் காட்டினேன். அவர் நம்பவில்லை, தானே போனில் கால்குலேட்டர் வைத்துப் போட்டுப் பார்த்தார். பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் ஒரு வருடம் எட்டு மாதம்தான் வித்தியாசம் என்பதில் கொஞ்ச நேரம் நின்றார்.

நிலா அம்மாவின் கேள்வியைக் கேட்டேன். "மச்சானிடம் வாங்கிக்கொள்ளலாம்" என்றார். மச்சான் என்றால் என் அண்ணன். அவனுக்கே நகை அடகில் இருக்கிறது என்று சொன்ன பிறகு பேசாமல் இருந்தார்.

முடிவாக: டேர்ம் பாலிசிக்கு ஒத்துக்கொண்டார், மருத்துவப் பரிசோதனைக்குத் தேதி கேட்டிருக்கிறோம். கூடுதல் 20,000-இல் பத்தாயிரம் ஆர்.டி., என் பெயரில். மிச்சப் பத்தாயிரத்தில் பிரீமியங்கள் போகும், பாக்கி வீட்டுக்கு. மூன்று மாதத் தவணையும் செலவும் சேரும்வரை வங்கிக்குக் கூடுதலாக எதுவும் இல்லை. அது வரைக்கும்தான், அதன் பிறகு மறுபடி இருபதாயிரம் என்று அவர் சொல்கிறார், நான் பத்து என்கிறேன். அது அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

தவணையை 26,700-க்குக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கடன் முடியும் தேதி 2041 என்று பேப்பரில் பார்க்க என்னால் முடியாது" என்கிறார். விட்டுவிட்டேன்.

மகளை வகுப்பில் மறுபடி சேர்க்க டீச்சரிடம் பேசியிருக்கிறேன். ஃபீஸ் 1,200 ஆகிவிட்டதாம். பல்லுக்கு வியாழக்கிழமை போகிறேன். டயர் மாற்றியாயிற்று, இரண்டையுமே.

வக்கீல் சார் சொன்ன உயில் விஷயத்தை இப்போதைக்கு எடுக்கவில்லை. ஒரு நேரத்துக்கு ஒரு சண்டை போதும்.

---

கிளை மேலாளர் (ஓய்வு) எழுதியது:

நல்ல முன்னேற்றம் அம்மா. 2041 அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் நடுவில் நிறுத்தலாம். தவணையை முப்பதாயிரத்துக்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள், முடியும் தேதி தானாக முன்னால் வரும். அதையும் அவர் மனம் வந்தால் பார்க்கலாம்.

ஸ்ப்ரெட் குறைப்புக்கு மட்டும் இந்த மாதமே போய்விடுங்கள். இருவரும் சேர்ந்து போங்கள், கோ-அப்ளிகண்ட் கையெழுத்தும் கேட்பார்கள். விண்ணப்பத்தின் நகலில் கிளையின் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்மொழியாகச் சொன்னால் ஃபைலில் ஏறாது.

---

மாடிவீடு எழுதியது:

சரிங்க ஐயா. கடைசியாக ஒரே ஒரு சந்தேகம். என்றைக்காவது முழுவதும் கட்டி முடித்தால் பத்திரம் உடனே கையில் கிடைக்குமா? பக்கத்து ஃபிளாட்காரர் மாதக்கணக்கில் அலைந்தார்.

---

கிளை மேலாளர் (ஓய்வு) எழுதியது:

முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். 2023 டிசம்பர் 1-இலிருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். எந்தக் கிளையில் வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

பத்திரத்தைக் கையில் வாங்கியதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எம்.ஓ.டி. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் வங்கி அதிகாரி வந்து பதிவு செய்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வில்லங்கச் சான்றிதழ் எடுக்கும்போது அந்த அடமானம் அப்படியே நிற்கும். பக்கத்து ஃபிளாட்காரர் இதற்கும் அலைந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.